தகட்டைக் கீறாதே!

நவீனக் கலையில் அச்சோவியத்துக்கு உரிய இடம் கொடுக்கப்படவில்லை என்று ஒரு புலம்பல் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. கருத்தரங்குகளில் கேட்கிறது, கண்காட்சி மலர்களின் முன்னுரையில் கேட்கிறது, ஓவியக் கல்லூரிக்கு எதிர்த்தாற்போல் இருக்கிற டீக்கடையிலும் கேட்கிறது. எண்ணெய் வண்ண ஓவியம் லட்சத்தில் விலை போகிறது, சிற்பம் நட்சத்திர ஓட்டல் வாசலில் நிற்கிறது, இன்ஸ்டலேஷன் செய்கிறவர் வெளிநாடு போய் வருகிறார், அச்சோவியர் மட்டும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் என்கிறார்கள். உண்மைதான். நானும் லினோ வெட்டுகிறவன்தான். கடைசி வரிசை எனக்குப் புதுசில்லை, பள்ளிக்கூடத்திலேயே பழகினது. ஆனால் கேள்வி அது இல்லை. முன்வரிசையில் உட்காருவதற்காக அச்சோவியம் என்ன விலை கொடுத்தது என்பதுதான் கேள்வி. அந்த விலை தலித்துகளுக்குக் கட்டுபடியாகாது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், தொழில் தெரியாத தோழர்களுக்கு நாலு வார்த்தை. லினோ என்பது தரையில் விரிக்கிற லினோலியம்தான். ஆளிவிதை எண்ணெயும் கார்க் தூளும் கலந்து சணல் துணி மேல் பரப்பிச் செய்தது. அதில் கத்தியால் வெட்டினால் வெட்டின இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு. ரோலரால் மை தடவி, தாளை மேலே போட்டு, மெஷின் இல்லாவிட்டால் கரண்டி முதுகால் தேய்த்தால் போதும், படம் வந்துவிடும். மரக்கட்டை அச்சும் இதே வழிதான். எச்சிங் என்றால் செம்புத் தகடோ துத்தநாகத் தகடோ வேண்டும். தகட்டின் மேல் மெழுகுப் பூச்சு, அதில் ஊசியால் கோடு. அமிலத்தில் முக்கினால் கோடு போட்ட இடத்தை மட்டும் அமிலம் தின்னும். அந்தப் பள்ளத்தில் மையை அடைத்து, ஈரத் தாளை வைத்து, உருளை மெஷினில் அழுத்தி எடுப்பார்கள். லித்தோ சுண்ணாம்புக் கல்லில் செய்வது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்கிற ஒரே விஷயம்தான் அதன் மூலதனம். ஸ்கிரீன் பிரிண்டிங் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்தது. வழி எதுவானாலும் சங்கதி ஒன்றுதான்: ஒரு தகடு, பல தாள். அந்தப் பல தாளில் எது மூலம், எது நகல் என்று கேட்டால் கேள்வியே தப்பு. முதல் தாளும் நூறாவது தாளும் கூடப்பிறந்தவை. முன்பின் உண்டு, மேல்கீழ் கிடையாது.

சாதி நாட்டில் இப்படி ஒரு கலை இருப்பதே கலகம்தான். ஏனென்றால் தொட்டால்தான் இது பிறக்கும். தாள் தகட்டைத் தொட வேண்டும், சும்மா தொட்டால் போதாது, அழுந்தத் தொட வேண்டும். தூரத்தில் நின்று செய்கிற காரியமில்லை. அதற்கு உதவுகிற பொருள்களைப் பாருங்கள். பழைய ஐரோப்பியத் தாள் கந்தல் துணியிலிருந்து செய்தது. தெருத் தெருவாகக் கந்தல் பொறுக்கினவர்கள் இல்லாமல் அந்தத் தாள் இல்லை. அந்தத் தாளுக்குப் போட்ட பசை மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வஜ்ஜிரம். எழுத்துக்கு மை ஒற்றின பந்து தோலில் தைத்தது. லித்தோக் கல்லில் மை உருட்டுகிற உருளைக்கும் தோல்தான் உறை. கந்தல், தோல், எலும்பு, கரி. எதையெல்லாம் தீட்டு என்று ஊருக்கு வெளியே தள்ளினார்களோ அதையெல்லாம் சேர்த்துப் பிசைந்தால் வருவதுதான் அச்சு. புனித நூல்களும் அந்தக் கந்தல் தாளில், அந்தத் தோல் உருளையில்தான் அச்சாகின என்பதை யாரும் பேச மாட்டார்கள்.

சரி, கலை உலகம் மட்டும் வருணம் இல்லாததா? 1768-இல் லண்டனில் ராயல் அகாடமி ஆரம்பித்தபோது ஓவியர் வரலாம், சிற்பி வரலாம், கட்டடக் கலைஞர் வரலாம், செதுக்கு அச்சுக்காரர் முழு உறுப்பினராக முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வருஷம் போனால் போகிறது என்று 'இணை' உறுப்பினர் என ஒரு திண்ணை ஒதுக்கினார்கள். திண்ணையிலிருந்து கூடத்துக்குப் போக 1850கள் வரைக்கும் ஆயிற்று. சொன்ன காரணம் என்ன? அவன் சொந்தமாகக் கற்பனை செய்வதில்லை, அடுத்தவன் ஓவியத்தைப் பார்த்துத் தகட்டில் வெட்டுகிறான், அது கைவேலை. மூளை மேலே, கை கீழே. நமக்குப் பழகின வாசகம்தான். தலையில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்ற கதையை இங்கிலீஷில் எழுதினால் இப்படித்தான் வரும். அந்த வெள்ளைக்காரன்தான் இங்கேயும் ஓவியப் பள்ளிகளைத் திறந்தான். கலை, கைத்தொழில் என்ற பாகுபாட்டையும் அவனே கொண்டுவந்தான் என்கிறார்கள். பாதி உண்மை. நம்மூர் மேல்சாதிக்கு அந்தப் பாகுபாட்டைப் புரியவைக்க அவன் மெனக்கெடவே வேண்டியிருக்கவில்லை.

நான் படித்த இடத்தில் ஒரு ஆசிரியர் என்னிடம் சொன்னார்: "உங்க ஆளுங்களுக்குக் கலர் சென்ஸ் வராதுப்பா. கறுப்பு வெள்ளையிலேயே இரு, கைவேலை நல்லா இருக்கு." பாராட்டு மாதிரிதான் சொன்னார். வகுப்புப் பிரித்தபோது தைல ஓவியத்துக்கு யார் போனார்கள், அமிலப் புகைக்குள் யார் போனார்கள் என்று எண்ணிப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த இழிவிலிருந்து மீள அச்சோவியம் என்ன செய்தது? இங்கேதான் விஷயம் இருக்கிறது. பூணூல் போட்டுக்கொண்டது.

கண்காட்சியில் அச்சோவியத்தின் அடியில் பென்சிலால் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இடது பக்கம் 3/25 என்று இருக்கும், வலது பக்கம் கையெழுத்து. இருபத்தைந்து பிரதிதான் எடுத்தது, அதில் இது மூன்றாவது என்று அர்த்தம். டூரர் எண் போடவில்லை. ரெம்ப்ராண்ட் எண் போடவில்லை. தகடு தாங்கும் வரைக்கும், வாங்க ஆள் இருக்கும் வரைக்கும் அடித்தார்கள். பென்சில் கையெழுத்துப் பழக்கம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது, எண் போடுவது 20ஆம் நூற்றாண்டில் சட்டம் மாதிரி ஆனது. அதுவரைக்கும் எண் தேவைப்படவில்லை. மெஷின் லட்சக்கணக்கில் படம் துப்ப ஆரம்பித்ததும், 'நாங்க அந்தச் சாதி இல்லீங்க, நாங்க வேற' என்று காட்ட ஒரு அடையாளம் வேண்டியிருந்தது. அந்த அடையாளம்தான் இந்த எண்.

எண்ணோடு முடியவில்லை. இருபத்தைந்தாவது தாள் எடுத்ததும் தகட்டின் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி கீறிவிட வேண்டும், அல்லது துளை போட வேண்டும். இனி அதிலிருந்து ஒரு தாளும் வரக்கூடாது. வாங்கினவருக்கு அதுதான் உத்தரவாதம். சென்னையில் ஒரு கேலரியில் என் லினோக்களைக் காட்டப் போனபோது அங்கிருந்தவர் படத்தை ஒரு நிமிஷம் பார்த்தார், எண்ணை இரண்டு நிமிஷம் தேடினார். "எடிஷன் எத்தனை?" என்றார். எண்ணவில்லை, ஒரு முந்நூறு போட்டிருப்போம், கூட்டத்தில் கொடுத்தோம் என்றேன். "பிளாக்கை அழிச்சிட்டீங்களா?" இல்லை என்றேன். "அழிச்சிட்டு, பத்துப் பிரதி மட்டும் நம்பர் போட்டுக் கொண்டாங்க, பாக்கலாம்" என்றார். நல்ல மனுஷர், மரியாதையாகத்தான் பேசினார். எந்தப் படம், யாரைப் பற்றிய படம், எந்த ஊரில் யார் வீட்டை எரித்தது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: என்னிடம் இருப்பது வேறு யாரிடமும் இருக்கக்கூடாது.

ஒரு நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். எல்லாத் தகடும் ஆயிரம் தாள் தாங்காது. உலர் ஊசியால் செம்பில் நேரடியாகக் கீறினால் கோட்டின் ஓரத்தில் ஒரு பிசிறு நிற்கும். வெல்வெட் மாதிரி கறுப்பு வருவது அந்தப் பிசிறால்தான். சில பத்துத் தாள்களிலேயே அது நசுங்கிப் போகும். அதற்கு எண் போட்டால் அது தொழில் நேர்மை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லினோ நூற்றுக்கணக்கில் தாங்கும், நல்ல மரக்கட்டை ஆயிரக்கணக்கில் தாங்கும். தாங்குகிற தகட்டை வேண்டுமென்றே கொல்வதற்குத் தொழில் காரணம் எதுவும் கிடையாது. சந்தைக் காரணம்தான் உண்டு. பஞ்ச காலத்தில் விலை இறங்கக்கூடாது என்று நெல்லைப் பதுக்குகிறவனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பஞ்சம் என்றதும் சித்தப்ரசாத் ஞாபகத்துக்கு வருகிறார். 1915-இல் பிறந்த வங்காளக் கலைஞர். பட்டாச்சார்யா என்ற பார்ப்பனப் பட்டத்தைத் தன் பெயரிலிருந்து வெட்டி எறிந்தவர். 1943 பஞ்சத்தில் மிதினாப்பூர் மாவட்டத்துக்குள் நடந்தே போய், பார்த்ததை வரைந்து, குறிப்பு எழுதி, 'பசித்த வங்காளம்' என்ற சிறு நூலாகக் கொண்டுவந்தார். பிரிட்டிஷ் அரசாங்கம் 5000 பிரதிகளைப் பறிமுதல் செய்து எரித்தது. ஏன் எரித்தார்கள்? அதே படங்களை எண்ணெய் வண்ணத்தில் தீட்டி ஒரு பங்களாவில் மாட்டியிருந்தால் கவர்னரே வந்து பார்த்துவிட்டு உச்சுக் கொட்டிவிட்டுப் போயிருப்பார். 5000 என்பதுதான் குற்றம். ஆனால் ஒரு பிரதி தப்பித்தது. குடும்பத்தார் காப்பாற்றி வைத்திருந்தார்கள். 2011-இல் அதிலிருந்து திரும்பவும் அச்சானது. ஒன்றிலிருந்து மறுபடியும் பல வரும் என்பதால்தான் அதிகாரம் அச்சுக்குப் பயப்படுகிறது. அன்றைக்கு எரிக்க அரசாங்கம் வர வேண்டியிருந்தது. இன்றைக்கு நாமே நம் கையால் தகட்டைக் கீறிக் கொடுக்கிறோம், அதற்குச் சர்டிபிகேட் வேறு எழுதித் தருகிறோம்.

அச்சோவியம் பிச்சை கேட்காமல் நின்ற இடங்கள் உலகத்தில் உண்டு. ஜெர்மனியில் கேத்தே கொல்விட்ஸ் நெசவாளர் எழுச்சியைப் பற்றி 1893-97இல் ஆறு தாள்கள் செய்தார், மூன்று லித்தோ, மூன்று எச்சிங். 1898-இல் அதற்குத் தங்கப் பதக்கம் தர நடுவர்கள் பரிந்துரைத்தார்கள், கெய்சர் மறுத்துவிட்டார். அந்த அம்மாவின் மரக்கட்டை அச்சு ஒன்றைத்தான் 1931-இல் லூ சுன் சீனாவில் ஒரு பத்திரிகையில் போட்டார், அரசாங்கம் சுட்டுக்கொன்ற ஓர் இளம் எழுத்தாளருக்கு அஞ்சலியாக. அதே வருஷம் ஆகஸ்டில் ஷாங்காயில் 13 இளைஞர்களைக் கூட்டி, ஒரு ஜப்பானியரைக் கொண்டு ஆறு நாள் மரக்கட்டைப் பட்டறை நடத்தினார். லூ சுன் ஓவியர் கிடையாது, எழுத்தாளர். படிக்கத் தெரியாத மக்களிடம் எழுத்தாளன் எப்படிப் போவது என்று யோசித்தவர். ஆறு நாள் பட்டறையில் ஆரம்பித்தது சீனம் முழுக்கப் பரவிய மரக்கட்டை இயக்கமானது.

அடிமைகளின் பேத்தியான எலிசபெத் கேட்லெட் 1946-இல் அமெரிக்காவிலிருந்து மெக்சிகோ போய், 1937-இல் தொடங்கப்பட்ட மக்கள் வரைகலைப் பட்டறையில் சேர்ந்தார். கறுப்புப் பெண்களைப் பற்றி 15 லினோக்கள் அங்கே செய்தார். வயலில் வேலை செய்கிறவள், பாத்திரம் தேய்க்கிறவள், அடிமைகளைத் தப்பவைத்தவள். எமோரி டக்ளஸ் அச்சுத் தொழிலைக் கற்றதே சிறுவர் சீர்திருத்தச் சிறையின் அச்சகத்தில். 1967-இலிருந்து கறுஞ்சிறுத்தைகளின் பத்திரிகைக்குப் படம் போட்டார். அந்தப் பத்திரிகை உச்சத்தில் வாரத்துக்கு லட்சம் பிரதிகளைத் தாண்டியது. கேலரி எது என்று கேட்டால் 'கெட்டோதான் கேலரி' என்கிற மாதிரி வேலை. சேரிச் சுவர்களில் ஒட்டின தாள் அது. 1972-இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் பிறந்தபோது அந்தப் பெயரை அங்கேயிருந்துதான் எடுத்தார்கள். பெயர் வந்தது, கோபம் வந்தது, கவிதை வந்தது. அந்த அச்சுத் தாள் நம்மிடம் எந்த அளவுக்கு வந்து சேர்ந்தது என்பதை நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்திய இடதுசாரி அச்சோவியத்தைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். சோம்நாத் ஹோர் 1946-இல் ரங்கப்பூர்ப் பக்கம் போய்த் தெபாகா போராட்டத்தைப் பார்த்து எழுதினார், வரைந்தார். விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு கேட்ட வாரக்குடிகளின் போராட்டம் அது. பிறகு எழுபதுகளில் காகிதக் கூழை வார்த்து, மையே இல்லாமல், வெள்ளைத் தாளில் வெள்ளைப் புண்களாக அவர் செய்த 'காயங்கள்' வரிசையைப் பார்த்தவர்களுக்குக் கை தானாக உடம்பைத் தடவும். அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. பசித்தவர் என்று வரைந்தார்கள், விவசாயி என்று வரைந்தார்கள், காயம் என்று வரைந்தார்கள். அந்தப் பசித்தவருக்கு என்ன சாதி? வடக்கு வங்காளத்தில் தெபாகாவின் முதுகெலும்பாக நின்றது ராஜவம்சிகள், பட்டியல் சாதி மக்கள். பஞ்சத்தில் முதலில் செத்தது நிலமில்லாத கூலிகளும் மீனவர்களும். இடதுசாரியின் தகட்டில் எலும்பு தெரிந்தது, எலும்புக்கு மேல் போர்த்தியிருந்த சாதி தெரியவில்லை. அமிலம் அந்த ஆழத்துக்குப் போகவில்லை.

அந்த ஆழத்துக்குப் போனவர் நாகபுரியில் 1961-இல் பிறந்த சவி சாவர்க்கர். பேஷ்வா ஆட்சியில் புனே நகரத்துக்குள் வருகிற தீண்டப்படாதவர் எச்சில் தரையில் விழாமலிருக்கக் கழுத்தில் கலயம் கட்ட வேண்டும், காலடித் தடத்தை அழிக்க இடுப்பில் துடைப்பம் கட்ட வேண்டும் என்று இருந்ததை 1936-இல் 'சாதி ஒழிப்பு' உரையில் அண்ணல் எழுதினார். சவி அந்தக் கலயத்தையும் துடைப்பத்தையும் தகட்டிலும் திரையிலும் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார். மனு வருகிறான், தேவதாசி வருகிறாள், பார்ப்பான் வருகிறான். அழகாக இருக்கிறதா? இல்லை. கோடு கரகரவென்று இருக்கும், முகம் கோணும், கண் வெறிக்கும். 'டிராயிங் வீக்' என்று சொல்கிற ரசிகர்களும் உண்டு. காலடித் தடத்தை அழிக்கச் சொன்ன ஊரில் அழியாத தடத்தைத் தகட்டில் பதிக்கிறவனுக்கு நளினம் எதற்கு? தடம் பதிப்பதுதானே அச்சு! துடைப்பத்துக்கு நேர் எதிரான கருவி அது. தலித் அழகியல் என்று பக்கம் பக்கமாக எழுதினோமே, அதை ஒரே படத்தில் பார்க்க வேண்டும் என்றால் அதைப் பாருங்கள்.

'அச்சு ஜனநாயகமானது' என்று பொத்தாம்பொதுவாகப் பேசுகிறவர்களையும் கொஞ்சம் நிறுத்திவைக்க வேண்டும். 1894-இல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கினார், லட்சுமியும் சரஸ்வதியும் வண்ண லித்தோவாக வீடு வீடாகப் போனார்கள். கோயிலுக்குள் விடாதவன் வீட்டுக்கும் சாமி வந்துவிட்டது, பாருங்கள் சமத்துவம் என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதுகிறார்கள். சாமி படம் வந்தது சரி, கோயில் கதவு திறந்ததா? 1930-இல் நாசிக் காலாராம் கோயில் வாசலில் நம் ஆட்கள் அடி வாங்கிக்கொண்டிருந்தபோது எத்தனையோ வீட்டுச் சுவரில் ராமர் படம் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. தாள் பெருகினால் மட்டும் விடுதலை வராது. தகட்டில் என்ன வெட்டியிருக்கிறது, யார் வெட்டியது, மெஷின் யார் கையில் என்பது முக்கியம்.

நம் முன்னோருக்கு இது தெரிந்திருந்தது. 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' பத்திரிகை தொடங்கினார். 1907-இல் ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ஒரு பத்திரிகை கொண்டுவந்தார், பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையைப் பெயரிலேயே வைத்த மனுஷன்! அபூர்வம், மூன்றின் கீழ் இருபத்தைந்து என்று சொல்கிறவர்களுக்கு அந்தப் பெயர் ஒன்றே பதில். 1920-இல் 'மூக்நாயக்' நடத்திய அண்ணல், அடுத்தவன் அச்சகத்தை நம்பிக் காலம் தள்ள முடியாது என்று சொந்த அச்சகம் வைத்தார். தாதர் அம்பேத்கர் பவனில் இருந்த புத்த பூஷண் அச்சகத்தை 2016 ஜூன் 25 அதிகாலையில் புல்டோசர் வைத்து இடித்தார்கள். பழைய கட்டடம், பழைய மெஷின் என்றார்கள். பழைய மெஷின் மேல் இவ்வளவு கோபம் எதற்கு?

அக்டோபரில் நாகபுரி தீட்சா பூமிக்குப் போங்கள், டிசம்பர் 6 அன்று தாதர் சைத்ய பூமிக்குப் போங்கள். தரையில் சாக்கு விரித்து அண்ணல் படம், புத்தர் படம், காலண்டர், சின்னப் புத்தகம் என்று குவித்து விற்றுக்கொண்டிருப்பார்கள். நீலக் கோட்டு, சிவப்பு டை, கையில் புத்தகம். பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் வாங்கி, பெட்டியில் மடங்காமல் வைத்து ஊருக்குக் கொண்டுபோவார்கள். இந்த நாட்டில் மக்கள் கேட்டு வாங்கி, சுவரில் மாட்டி, விளக்கு ஏற்றுகிற அச்சோவியம் இதைவிட வேறு எது? ஆனால் நவீனக் கலை வரலாற்றில் இதற்கு இடமில்லை, 'காலண்டர் ஆர்ட்' என்று ஒதுக்கிவிடுவார்கள். போபால் பாரத் பவனில் 1989-இலிருந்து அச்சோவியப் பன்னாட்டுக் கண்காட்சி நடந்தது. லலித் கலா அகாடமி 2018-இல் டில்லியில் அச்சுக்கென்றே தனி பினாலே நடத்தியது. நல்லது. ஆனால் அந்தக் கண்ணாடிச் சட்டங்களுக்கும் இந்தச் சாக்குப் பைக்கும் நடுவில் இருக்கிற தூரம் ஊருக்கும் சேரிக்கும் இருக்கிற தூரம்தான்.

சரி, மேல்சாதிக் கலை உலகத்தைத் திட்டியாயிற்று. நம் பக்கம் என்ன நடக்கிறது? அமைப்புத் தோழர்களைத்தான் கேட்கிறேன். ஒரு காலத்தில் ராத்திரி முழுக்கச் சைக்ளோஸ்டைல் உருட்டினோம், ஸ்கிரீனில் போஸ்டர் அடித்தோம், கையில் மை போகாமல் மறுநாள் வேலைக்குப் போனோம். இப்போது எல்லாம் ஃப்ளெக்ஸ். வெண்மணி நாளுக்கும் ஃப்ளெக்ஸ், காது குத்துக்கும் ஃப்ளெக்ஸ். நடுவில் தலைவர், சுற்றிலும் காசு கொடுத்தவர் முகம், மூலையில் தபால் தலை அளவில் அண்ணல். ரெண்டு நாளில் கிழிந்து கோழிக் கூண்டுக்குக் கூரையாகிறது. ஃப்ளெக்ஸும் அச்சுதானே என்பீர்கள். அச்சுதான், ஒரே ஒரு பிரதி! 1/1! கேலரிக்காரரின் கனவை நாமே நிறைவேற்றி வைத்திருக்கிறோம்.

போன் இருக்கிறதே, ஒரு தட்டில் லட்சம் பேருக்குப் போகுமே என்கிறார்கள் மாணவத் தோழர்கள். போகிறது. என்ன போகிறது? வெட்டுப்பட்ட உடம்பு போகிறது, தொங்குகிற உடம்பு போகிறது, தண்டவாளத்தில் கிடக்கிற உடம்பு போகிறது. தலித் என்றால் பிணம் என்று ஆகிவிட்டது. பார்க்கிறவன் 'உச்' என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போகிறான். நம் சாவைக்கூட அடுத்தவன் கேமராதான் தீர்மானிக்கிறது. லினோ வெட்டுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. எந்தக் கோடு நிற்க வேண்டும், எது போக வேண்டும் என்று ஒவ்வொரு வெட்டுக்கும் முடிவெடுக்க வேண்டும். ஒரு முகத்தோடு ரெண்டு நாள் உட்கார வேண்டும். 1968 டிசம்பர் 25, வெண்மணியில் 44 பேர். 1997 ஜூன் 30, மேலவளவில் முருகேசனோடு ஏழு பேர். 1999 ஜூலை 23, தாமிரபரணியில் 17 பேர். அவர்கள் செத்த விதத்தைப் பேசுகிற அளவுக்கு அவர்கள் எதற்காக நின்றார்கள் என்பதைப் பேசுகிறோமா? கூலி கேட்டு நின்றது, ஊராட்சி மன்ற நாற்காலியில் உட்கார்ந்தது, ஊர்வலத்தில் நடந்தது, இதெல்லாம் படமாக எத்தனை வீட்டுச் சுவரில் இருக்கிறது? சிலை வைத்தால் இரும்புக் கூண்டு போட்டுப் பூட்டுகிறார்கள். ஆயிரம் வீட்டுச் சுவரில் ஒட்டின தாளுக்கு எந்தக் கொல்லன் கூண்டு செய்வான்?

கடைசியாக ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அது நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்பது. "அண்ணே, நீங்க சொல்றதெல்லாம் சரி. கல்லூரி முடிச்சிட்டு நாங்க எதைச் சாப்பிடுறது? நம்பர் போட்டாத்தான் கேலரி வாங்குது." நியாயமான கேள்வி. முதல் தலைமுறையாகப் படித்து வந்த பிள்ளையைப் பார்த்துப் பட்டினி கிட என்று சொல்ல எனக்கு வாயில்லை. வயிற்றுக்காக எண் போட வேண்டுமென்றால் போடு, தம்பி. நல்ல தாளில், நல்ல மையில் பத்தோ இருபதோ எடு, எண் போடு, கையெழுத்துப் போடு, கேட்கிற விலைக்கு வில். அவனிடமிருந்து வாங்க வேண்டிய பாக்கி நமக்கு நிறைய இருக்கிறது. ஆனால் எழுதிக் கொடுக்கும்போது ஒரு வரி சேர்த்து எழுது: இந்த எண் இந்தத் தாளுக்குத்தான், தகட்டுக்கு இல்லை, தகடு உயிரோடு இருக்கும், சாதாரணத் தாளில், எண் இல்லாமல், எத்தனை பிரதியும் போகும். சம்மதம் என்றால் வாங்கட்டும். ஏமாற்று வேலை கிடையாது, முன்னாடியே சொல்லிவிட்டுச் செய்வது. அப்படிச் சொன்னால் சிலர் வாங்க மாட்டார்கள். அவர்கள் வாங்க வந்தது உன் படத்தை இல்லை, அடுத்தவனுக்குக் கிடையாது என்ற சுகத்தைத்தான் என்று அன்றைக்குத் தெரிந்துபோகும்.

அமைப்புகளுக்கும் ஒரு கோரிக்கை. ஒரு ஃப்ளெக்ஸ் காசில் நாலு லினோ துண்டும், வெட்டுக் கத்தியும், ஒரு ரோலரும், ஒரு டப்பா கறுப்பு மையும் வாங்கிவிடலாம். லூ சுன்னுக்கு ஆறு நாளும் 13 பேரும் போதுமாக இருந்தது. ஒவ்வொரு மாவட்டத்திலும் மே மாத லீவில் ஒரு பட்டறை போடுங்கள். சேரிப் பிள்ளைகள் வரட்டும், பெண்பிள்ளைகள் கட்டாயம் வரட்டும். அவர்கள் பாட்டியின் முகத்தை வெட்டட்டும். ஏப்ரல் 14, டிசம்பர் 6, டிசம்பர் 25, ஜூன் 30, வருஷத்துக்கு நாலு நாள், நாளுக்கு ஒரு தாள், தாளுக்குப் பத்து ரூபாய். வெட்டின லினோக்களை அமைப்பு அலுவலகத்தில் துணி சுற்றிப் பத்திரமாக வையுங்கள், யார் கேட்டாலும் எடுத்துக்கொள்ளக் கொடுங்கள்.

நவீனக் கலையில் அச்சோவியத்துக்கு என்ன இடம் என்று இனி யாராவது கருத்தரங்கில் கேட்டால், நவீனக் கலைக்குச் சேரிச் சுவரில் என்ன இடம் என்று திருப்பிக் கேட்போம். மையைத் தடவுங்கள் தோழர்களே. தகட்டை மட்டும் யார் சொன்னாலும் கீறாதீர்கள்.